சபாபதி சார் நீளமாகப் பேசிய நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேச வேண்டும் என்று டைரக்டர் கேட்டார். பேச மாட்டேன், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நேரில் வந்தால் நான் பாதி நேரம் நீங்கள் சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது, பெற்றோரிடம் எதெதற்குச் சம்மதம் வாங்குவது, ஹாலை யார் பூட்டுவது என்பதெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நம் வேலையில் மாதக் கணக்கில் ஒன்றுமே நடக்காது. பிள்ளைகள் வருவார்கள், ராப் எழுதுவார்கள், ஆடுவார்கள், பீட்சாவைத் தின்றுவிட்டுப் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். பிறகு ஏதோ ஒரு சனிக்கிழமை, கலந்து பேசக்கூட ஆளில்லாத நேரத்தில், ஒரு பிள்ளையின் வாழ்க்கை உங்கள் கையில் வந்து விழும். யோசிக்க நேரம் இருக்காது. அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் இயல்பிலேயே பயந்த சுபாவம். அமெரிக்காவுக்கு வந்து பிளெய்ன்ஸ்பரோவில் குடியிருந்த காலத்தில், என் கணவர் வரும் ரயில் பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தாலே பக்கத்து ஆஸ்பத்திரிகளின் நம்பரைத் தேட ஆரம்பித்துவிடுவேன். இப்படிப்பட்டவளை, ஹிப்-ஹாப்பை வைத்து ஊரை மாற்றப் பார்க்கும் இளைஞர் அமைப்பில் எதற்குச் சேர்த்தார்கள் என்றால், எனக்கு விழா நடத்தத் தெரியும். தமிழ்ச் சங்கத்தில் வருடக் கணக்கில் ஹால் பிடித்து, சாப்பாடு சொல்லி, மைக்கை விடாதவர்களிடமிருந்து நைச்சியமாக மைக்கை வாங்கிப் பழகியவள். ராப் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ரொம்ப நாள் ஆனது.

டைரக்டரை உங்களுக்குத் தெரியும். நியூவர்க்கில் வளர்ந்த கறுப்பினத்தவர், இளவயதில் டிஜே. வட்டத்தின் சட்டத்தை அவர் இதற்குள் உங்களுக்குச் சொல்லியிருப்பார். பிள்ளைகள் வட்டமாக நிற்பார்கள், ஒருவர் நடுவில் வந்து தான் எழுதியதைச் சொல்வார். நடுவில் நிற்பவரை யாரும் பாதியில் நிறுத்தக் கூடாது. பெரியவர்களுக்கும் அதே சட்டம்தான்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பெண் வட்டத்தின் நடுவில் நின்று தன் கணக்கு ஆசிரியரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். டைரக்டர் பின்னாலேயே வந்து, இது யாருக்கு எழுதினது என்று கேட்டார். ஆசிரியருக்குத்தான் என்றேன். கடைசி வரை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று உள்ளே கூட்டிப்போனார். கடைசி நான்கு வரி, வீட்டை விட்டுப் போய்விட்ட அவள் அப்பாவுக்கு. ஆசிரியரின் குரல் அப்பாவின் குரல் மாதிரி இருக்கிறதாம், அவ்வளவுதான் அந்த மனிதர் செய்த தப்பு. அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் அந்தக் கேள்வியை மனதுக்குள் கேட்டுக்கொள்வேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அந்த வருடம் பிள்ளைகள் டவுன் கவுன்சிலிடம் கேட்டது ஒரு சுவர். ஸ்ப்ரே பெயிண்ட் எடுத்துச் சுவரில் வரைவதும் ஹிப்-ஹாப்பில் ஒரு பகுதி. ஆனால் எங்கே வரைந்தாலும் குற்றம். ஒரு சுவரைச் சட்டப்படி ஒதுக்கிக் கொடுங்கள், வேறு எங்கும் கை வைக்க மாட்டோம் என்பது அவர்கள் கோரிக்கை. கவுன்சில் கூட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் நிகழ்ச்சி. பெற்றோர், அக்கம்பக்கத்தார் எல்லோரையும் கூப்பிட்டிருந்தோம்.

அந்தக் கோரிக்கை பிறந்ததே கார்த்திக் கைதானதால்தான். கார்த்திக்கும் நவீனும் அண்ணன் தம்பி. கோயம்புத்தூர்க் குடும்பம், அப்பா ஐடி. அண்ணன் மூன்று வயதில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து இங்கே வந்திறங்கியவன். தம்பி இங்கேயே பிறந்தவன். அதனால் தம்பியிடம் அமெரிக்க பாஸ்போர்ட். அண்ணன், அப்பாவின் வேலை விசாவைப் பிடித்துக்கொண்டு ஹெச்-4 என்ற குடும்ப விசாவில் இருப்பவன். கிரீன் கார்டு வரிசை நகரவில்லை. இருபத்தொரு வயது ஆனதும் அந்தப் பிடியும் போய்விடும், மாணவர் விசா வாங்கியாக வேண்டும். அந்த வயது அவனுக்கு நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் டிசம்பரில் ஒரு சாயங்காலம் ரயில் பாலத்துக்கு அடியில் போலீஸ் அவனைப் பெயிண்ட் டப்பாவும் கையுமாகப் பிடித்தது. நான்தான் வரைந்தேன், தனியாகத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டான். வழக்கு முனிசிபல் கோர்ட்டுக்குப் போனது. இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று வக்கீல் வாயைக் கட்டிவிட்டார். அவர்கள் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், விசா என்ன ஆகும் ஆன்ட்டி என்று ஒரே கேள்வியைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

எங்கள் அமைப்புக்கு வருபவன் நவீன்தான். பதினாறு வயது. கார்த்திக் அவனைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, முடியும் வரை பார்க்கிங் லாட்டிலேயே உட்கார்ந்திருப்பான். கைதான பிறகும் அது நிற்கவில்லை. ஆனால் இருவருக்கும் இடையில் பேச்சு நின்றுபோயிருந்தது. நவீன் இறங்கும்போது ஒரு 'பை' கூடக் கிடையாது. அண்ணனுக்கு எல்லார் மேலும் கோபம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

நிகழ்ச்சி நாளன்று நான் சமோசா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஹாலில் பாட்டுச் சத்தம் சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். வாசலில் யூனிஃபார்மோடு எங்கள் ஊர் போலீஸ் கேப்டன். பக்கத்தில், மாப்பிள்ளையை அழைத்து வருகிறவர் போல, சபாபதி சார்.

சபாபதி சார் எங்கள் நிர்வாகக் குழுவில் இருந்தவர். கரூர்க்காரர், மருந்துக் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்று ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கிறார். தங்கமான மனிதர். பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். குறை என்று சொன்னால் மைக் ஒன்றுதான். ஒரு தீபாவளி விழாவில் அவர் நன்றியுரை முடிவதற்குள் சாப்பாடு கொண்டுவந்தவர் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் கையில் மைக் போகாமல் பார்த்துக்கொள்வதை என் முக்கியமான பணியாக வைத்திருந்தேன். அவர் வலது கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. உள்ளே பொன்னாடை. இந்தியக் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோடில் வாங்கியிருக்கிறார்.

டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் சபாபதி சாரைப் பார்த்தேன். அவர் பெருமையாகச் சிரித்தார். கேப்டனை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு வந்தவரை ஓரமாகக் கூட்டிப்போய், என்ன சார் இது என்று கேட்டேன்.

"சீஃப் கெஸ்ட் இல்லாம என்னம்மா ஃபங்ஷன்? கவுன்சில்ல இவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், சுவர் நமக்குத்தான். போன்ல கூப்பிட்டேன், வரேன்னுட்டார்."

அவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. தமிழ்ச் சங்க விழாவாக இருந்தால் நானே இதைத்தான் செய்திருப்பேன். ஆனால் எங்கள் பிள்ளைகளில் யூனிஃபார்மைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிற பிள்ளைகள் பாதிப் பேர். வாசலை ஒட்டி போலீஸ் கார் நிற்கிறது. கேப்டனை வெளியே போகச் சொன்னால் அவமானம், சுவரும் போச்சு. உட்கார வைத்தால் பிள்ளைகளுக்கு வாய் வராது. முதலில் ராப் சொல்ல வந்த பெண் பாதி வரிகளை முழுங்கிவிட்டு இறங்கினாள். ஆட வந்தவர்கள் விறைப்பாக ஆடினார்கள். கேப்டன் பாவம், மரியாதையாக ஒவ்வொன்றுக்கும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

கடைசி உருப்படி நவீனுடையது. ஒத்திகையில் நான் கேட்டது சுவரைப் பற்றிய வேடிக்கையான ஒரு ராப். அதை நினைத்துக் கொஞ்சம் ஆறுதலாகச் சமையலறைப் பக்கம் போனேன். அங்கே கதவோரம் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, நவீன் வேறு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

நான் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். அவன் சொல்லிப் பார்த்தது இதுதான். பாலத்தில் வரைந்தது அவன் கை. அண்ணன் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தவன், வரைந்து பழக்கமே இல்லாதவன். டார்ச் வெளிச்சம் அடித்ததும் தம்பி வேலி தாண்டி ஓடினான். அண்ணன் ஓடவில்லை. குனிந்து பெயிண்ட் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். பாஸ்போர்ட் இருப்பவன் ஓடினான், இல்லாதவன் நின்றான் என்று ஒரு வரி வந்தது.

யோசித்துப் பாருங்கள். நவீன் மைனர், குடிமகன். அவன் பிடிபட்டிருந்தால் திட்டும் தண்டனையுமாகப் போயிருக்கும். கார்த்திக்குக்கோ மொத்த வாழ்க்கையும் ஒரு விசாவில் தொங்குகிறது. அண்ணன் என்ற ஒரே காரணத்துக்காக, யாருக்கு ஆபத்து அதிகமோ அவனே போய் வாங்கிக்கொண்டான். நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் இந்தத் தப்பு வரும்.

நவீன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அவன் எப்போதும் இங்கிலீஷில்தான் பேசுவான், நான் தமிழில் பேசுவேன். அந்தப் போலீஸ்காரர் முன்னால் இதைச் சொல்லத்தான் போகிறேன், அவர் வந்தது நல்லதாய்ப் போயிற்று, தயவுசெய்து தடுக்காதீர்கள் என்றான்.

"தடுக்கலை. ஒண்ணு மட்டும் கேளு. தனியாத்தான் வந்தேன்னு அண்ணா போலீஸ்கிட்ட சொல்லியிருக்கான். இப்ப நீ இதைச் சொன்னா அவன் சொன்னது பொய்னு ஆகும். அதை யோசிச்சியா?"

அவன் யோசித்திருக்கவில்லை. முகத்தில் அப்படியே தெரிந்தது. பிறகு கோபம் வந்தது. எல்லா அங்கிள் ஆன்ட்டியும் இப்படித்தான், வாயை மூடு, விசா, கிரீன் கார்டு, இதைத் தவிர உங்களுக்கு வேறு ஒன்றும் தெரியாது என்றான். இன்னும் எத்தனை நாள் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நான் தூங்குவது என்று கேட்டான். மேடையில் அவனுக்கு முந்தைய உருப்படி தொடங்கியிருந்தது.

என்ன செய்திருப்பீர்கள்? அவனை நிறுத்தினால், மூன்று மாதமாக வாய் திறக்காதவன் இனி எப்போதும் திறக்க மாட்டான், நம் இடத்தையும் மறுபடி நம்ப மாட்டான். நிறுத்தாவிட்டால் அவன் அண்ணனை முன்வரிசையிலேயே கொண்டுபோய் ஒப்படைத்துவிடுவான். வக்கீலைக் கூப்பிடலாம், சனிக்கிழமை மதியம் யார் எடுப்பார்கள்? பெற்றோரைக் கூப்பிடலாம், அந்த அம்மா போனிலேயே மயங்கி விழுவாள். என் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. ஒரு சமோசா உருண்டு கீழே விழுந்தது. நாங்கள் இருவருமே அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"இது யாருக்குப்பா எழுதினது?"

எல்லாருக்கும்தான், அந்த கேப்டனுக்குத்தான் என்றான். அவன் கதவுக் கண்ணாடி வழியாக பார்க்கிங் லாட்டைப் பார்த்தான். கடைசி வரிசையில் அவர்கள் வீட்டு கார் நின்றது. உள்ளே கார்த்திக் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். நவீன் உதட்டைக் கடித்துக்கொண்டு, அவன் என் முகத்தைப் பார்த்தே மூன்று மாதம் ஆகிறது என்றான்.

"அப்ப முதல்ல அவன் கேக்கட்டும். அப்புறமும் உள்ள வந்து சொல்லணும்னு தோணினா, நீயும் அண்ணாவும் சேர்ந்து முடிவு பண்ணுங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

போலீஸ் கார் வாசலில் நிற்கிறபோது அவன் உள்ளே வரவே மாட்டான் என்றான் நவீன். அப்படியென்றால் வட்டம் வெளியே போகட்டும் என்று என் வாயில் வந்துவிட்டது. வந்த பிறகுதான் அது சரியாக இருக்குமா என்று யோசித்தேன். சரியா என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் தலையை ஆட்டினான்.

மேடை ஓரத்தில் நின்ற டைரக்டரிடம் ஓடினேன். காதில் இரண்டு வாக்கியம் சொன்னேன். அவர் முகம் மாறியது. என்ன வேண்டும் உங்களுக்கு என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் வேண்டும், கேப்டனை மேடையில் ஏற்றி இறங்காமல் வைத்திருக்க வேண்டும் என்றேன். எவ்வளவு நேரம் என்றார். சபாபதி சார் பேசுகிற அளவு என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, திரைக்குப் பின்னால் இருந்த பிள்ளைகளைத் திரட்டப் போனார்.

மேடையில் உருப்படி முடிகிற நேரம், சபாபதி சார் பொன்னாடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குனிந்தேன்.

"சார், கேப்டனை மேடைக்குக் கூட்டிட்டுப் போய் பொன்னாடை போத்துங்க. நீங்களே அவரைப் பத்திப் பேசுங்க."

"எவ்வளவு நேரம்மா?"

"நான் வர்ற வரைக்கும்."

அவர் வாழ்நாளில் யாரும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. என் முகத்தை உற்றுப் பார்த்தார். ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. என்னம்மா ஆச்சு என்று மெல்லக் கேட்டார். நம்ம பையன் ஒருத்தனுக்காக சார், இப்போது கேட்காதீர்கள் என்றேன். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். நம்ம பையன் என்ற சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

சமையலறைக் கதவு வழியாகப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். போன்களை வைத்துவிட்டுப் போங்கள் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். சமோசா தட்டுக்குப் பக்கத்தில் போன்கள் குவிந்தன. மார்ச் மாதக் குளிர். ஜாக்கெட்டை எடுக்க யாருக்கும் நேரமில்லை.

தன்னைச் சுற்றிப் பிள்ளைகள் கூடுவதைப் பார்த்ததும் கார்த்திக் பயந்துவிட்டான். வாசலில் நின்ற போலீஸ் காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கண்ணாடி மூடியே இருந்தது. நவீன் டிரைவர் பக்கத்துக் கதவருகே போய் நின்றான். பீட் கிடையாது, மைக் கிடையாது. ஒரு பெண் தன் தொடையில் மெல்லத் தாளம் தட்ட ஆரம்பித்தாள்.

உள்ளேயிருந்து சபாபதி சாரின் குரல் ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது. கேப்டனைப் பற்றி அவருக்குத் தெரிந்தது இரண்டே வரிதான் போலிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு, தான் இந்த நாட்டுக்கு வந்த கதையில் நுழைந்துவிட்டார். என் ஒரு காது அங்கே, ஒரு காது இங்கே.

நவீன் முதல் வரியைத் தொடங்கிவிட்டு நிறுத்தினான். மறுபடி தொடங்கினான். குரல் உடைந்தது, பல் கிட்டியது, இருந்தும் விடவில்லை. பாலம் வந்தது, டார்ச் வெளிச்சம் வந்தது, வேலி வந்தது. பாஸ்போர்ட் வரி வந்தபோது பிள்ளைகளில் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. கார் கண்ணாடி பாதி இறங்கியது. கார்த்திக் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில் ஹாலில் கைதட்டல். சபாபதி சார் முடித்துவிட்டார். கதவு திறக்கப்போகிறது, கேப்டன் வரப்போகிறார், நவீன் பாதியில் நிற்கிறான், வட்டத்தில் யாரையும் பாதியில் நிறுத்தவும் கூடாது. ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொள்ளலாமா என்று பைத்தியக்காரத்தனமாக யோசித்தேன். அப்போது ஸ்பீக்கரில் அவர் குரல் மறுபடி வந்தது. முடிப்பதற்கு முன்னால் இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன் என்றார். எத்தனை விழாக்களில் இந்த வாக்கியத்தைக் கேட்டு நான் பல்லைக் கடித்திருப்பேன். அன்றைக்கு அவருக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது.

நவீன் முடித்தான். கடைசியில் ராப் இல்லை, சும்மா பேச்சாக, சாரி அண்ணா என்றான். யாரும் கைதட்டவில்லை.

கார்த்திக் கண்ணாடியை ஏற்றினான். எஞ்சினைக் கிளப்பினான். போய்விடப் போகிறான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். டைரக்டர் இரண்டு பிள்ளைகளைப் பின்னால் இழுத்து வழி விட்டார். நவீன் நகரவில்லை. என்ன காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு காரின் மறுபக்கத்துக் கதவின் பூட்டு விடுபடும் சத்தம் கேட்டது. கார்த்திக் சாய்ந்து கதவைத் தள்ளித் திறந்தான். நவீன் சுற்றிப் போய் ஏறினான். எஞ்சின் ஹீட்டருக்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே அவர்கள் பேச ஆரம்பித்தது கண்ணாடி வழியே தெரிந்தது. தாளம் தட்டிய பெண் காருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். அடுத்தவன் திரும்பினான். கொஞ்ச நேரத்தில் மொத்த வட்டமும் வெளிப்பக்கம் பார்த்து நின்றது, யாரும் சொல்லாமலே. நானும் அவர்களோடு போய்த் திரும்பி நின்றுகொண்டேன்.

கேப்டன் தோளில் பொன்னாடையோடு வெளியே வந்தார். பின்னால் சபாபதி சார், தொண்டை கட்டிப்போய், இதற்கு மேல் முடியவில்லை என்று எனக்குக் கையால் ஜாடை காட்டிக்கொண்டே வந்தார். கேப்டன் என்னிடம், இதை இப்போது எடுத்துவிடலாமா, எடுத்தால் மரியாதைக் குறைவா என்று கேட்டார். தாராளமாக எடுக்கலாம் என்றேன். மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு காரைச் சுற்றி முதுகைக் காட்டி நடுங்கியபடி நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தார். அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

அந்த காரை அவருக்கு அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. பேசட்டும், ஆனால் அடுத்ததாக அவர்கள் வக்கீலிடம் பேசட்டும், என்னிடம் வருவதெல்லாம் அதற்குப் பிறகு என்றார். சபாபதி சாரின் கையைக் குலுக்கிவிட்டுப் போய் வண்டியில் ஏறினார்.

வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இருவரும் பெற்றோரோடு வக்கீலிடம் போய் உள்ளதைச் சொன்னார்கள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். லேசில் முடியவில்லை. கடைசியில் நவீன் பாலத்தைச் சுத்தம் செய்வதோடு விஷயம் முடிந்தது, கார்த்திக் மேல் இருந்த வழக்கை விலக்கிக்கொண்டார்கள். ஆனாலும் எப்போதாவது கைதாகியிருக்கிறாயா என்று கேட்கிற இடத்திலெல்லாம் அவன் ஆமாம் என்றுதான் சொல்லியாக வேண்டும். அது இனி அழியாது. மாணவர் விசா வருகிற வரை அந்த வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. வந்துவிட்டது. சுவரும் கிடைத்தது, நாங்கள் கேட்டது இல்லை, குப்பைத் தொட்டிகள் நிற்கும் பின்பக்கத்துச் சுவர்.

இதை ஒரு சாமர்த்தியக் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்குக் கார்த்திக் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். கேப்டன் வேறு மாதிரி மனிதராக இருந்திருக்கலாம். அப்படி ஆகியிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். பிள்ளையை அடக்கவும் அவசரப்படாதீர்கள், மேடையில் ஏற்றிவிடவும் அவசரப்படாதீர்கள். அவன் சொல்ல வந்ததை முதலில் யார் கேட்க வேண்டும் என்று அவனிடமே கேளுங்கள். பயம் இருக்கத்தான் செய்யும். பயமே இல்லை என்றால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், எதையோ கவனிக்காமல் விட்டிருப்பீர்கள்.

அடுத்த வாரம் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தபோது நவீனிடம், காருக்குள் அண்ணா என்ன சொன்னான் என்று கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாதுதான், என்னால் இருக்க முடியவில்லை. திட்டியிருப்பான், இல்லை பரவாயில்லை என்று தட்டிக் கொடுத்திருப்பான் என்று நினைத்திருந்தேன். நவீன் ஒரு நாற்காலியை மடித்துச் சுவரில் சாய்த்தான். அண்ணன் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னான்.

"எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சுடா. நீயா உண்மையைச் சொல்ல மாட்டியான்னுதான் காத்துட்டு இருந்தேன். நானா வந்து உன்னை எப்படிடா கேப்பேன்?"